அப்பா குளத்துக்குள் விழுந்த நாள்

என் அப்பா கத்தாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினார். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது போனவர். விசாப் பிரச்சினை, கம்பனி மாற்றம் என்று ஒவ்வொரு முறையும் வரவு தள்ளிப்போய், எனக்கு ஒன்பது வயதானபோதுதான் முதன்முதலாக லீவில் வந்தார். இடையில் இருந்த ஆறு வருடமும் அப்பா என்பது அம்மாவின் போனுக்குள் இருந்து வந்த ஒரு குரல். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, அடுப்படியில் இருந்து கிணற்றடிவரை நடந்து நடந்து கதைப்பேன். பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தது, எங்கள் ஆடு எத்தனை குட்டி போட்டது, எல்லாம் அப்பாவுக்குத்தான் முதலில் தெரியவேண்டும்.

ஆனால் ஆள் நேரில் வந்து இறங்கியதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. இவருக்குத் தொந்தி இருந்தது. மீசை இருந்தது. காலையில் பெரிதாகச் செருமினார். சென்ற் வாசம் வீடு முழுக்க நின்றது. இந்த மனிதரை "அப்பா" என்று கூப்பிட எனக்கு எப்படியோ இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்லாமலே காரியத்தை நடத்தப் பழகிக்கொண்டேன். "இஞ்ச பாருங்கோ" என்பேன். "அம்மா சாப்பிட வரட்டாம்" என்பேன். பக்கத்தில் போய் நின்று, அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பேன்.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை.

"போனில அப்பா, அப்பா எண்டு அந்த மனிசன்ர காதைத் தின்பாய். இப்ப ஆள் முன்னால நிக்கிறார். வாயில என்ன, கொழுக்கட்டையே?"

"விடும் அப்பா, அவள் கூப்பிடேக்க கூப்பிடட்டும்" என்று அவர் அம்மாவிடம் சொல்வார். எங்கள் பக்கத்தில் புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் "அப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சொல் சுலபமாக வந்தது, என்னைத் தவிர.

நாற்பது நாள் லீவில் முப்பதுக்கு மேல் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை ரியூசன் சேருக்குக் காய்ச்சல், வகுப்பு இல்லை. காலைச் சாப்பாட்டின்போது அவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, குளக்கட்டால ஒரு சைக்கிள் ஓட்டம் போவமோ? பின்னேரம் வரைக்கும்" என்றார். நான் உடனே ஓம் என்றேன். அவருக்காக இல்லை. அவர் வாங்கித் தந்த ஊதா நிறச் சைக்கிளைக் குளக்கட்டில் ஓட்ட எனக்கு அவ்வளவு ஆசை. அவர் பெரியப்பாவின் உயரமான சைக்கிளை இரவல் வாங்கினார். அம்மா ரொட்டியும் சம்பலும் சுற்றித் தந்தா.

வயல் வரம்புகளைத் தாண்டிக் குளக்கட்டில் ஏறியதுமே தெரிந்துவிட்டது, பாலைவனத்தில் பெரிய வாகனம் ஓட்டியவருக்குச் சைக்கிள் சரிவராது என்று. கிரவல் மண்ணில் சில்லு வழுக்க வழுக்க, பாம்பு போல வளைந்து வளைந்து வந்தார். நான் முன்னால் போய், மருத மர நிழலில் காலூன்றி நின்று, திரும்பிப் பார்ப்பேன். அவர் ஓட்டிக்கொண்டும் வரமாட்டார். எங்கேயாவது இறங்கி நிற்பார். குளம் நிறைந்து அலையடித்துக்கொண்டு இருந்தது. தூரத்தில் நீர்க்காகங்கள் பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்தன. அவர் இறங்கிப் போய்க் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு சும்மா இருப்பார். தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவருக்குத் தண்ணீரில் அப்படி என்ன புதினம் என்று எனக்கு எரிச்சல்.

"இன்னும் கனதூரம் இருக்கு, வாங்கோ."

"வாறன் பிள்ளை, வாறன். ஆர் எங்களைக் கலைக்கினம்?"

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் ஒருவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னோடு வந்தவரைக் கண்டதும் சத்தம் போட்டு எழும்பிவந்து கட்டிப்பிடித்தார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்களாம். "பிள்ளை, இவன் இந்தத் துருசுக்கு மேல நிண்டு தலைகீழாப் பாய்ஞ்சவன். இந்தக் குளத்தில இவனுக்குத் தெரியாத கல்லு இல்லை, தெரியாத கொக்கு இல்லை" என்றார். சைக்கிளே ஓடத் தெரியாதவரைப் பற்றி இப்படி ஒரு புளுகா என்று நினைத்தேன். பிறகு வலைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பகிடியாகக் கேட்டார்.

"அது சரி, இவர் ஆர் உமக்கு?"

எனக்கு முகம் சூடாகியது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எங்கட வீட்டில நிக்கிறவர்."

வலைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

மத்தியானம் ஒரு பெரிய மருதின் கீழ் இருந்து சாப்பிட்டோம். ஒரு குரங்கு இறங்கிவந்து என் கையில் இருந்த ரொட்டியைப் பிடுங்கி, கடித்துவிட்டு, சம்பல் உறைப்பில் இருமிக்கொண்டு கிளையில் ஏறியது. நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கத்தாரில் ஓர் ஒட்டகம் றோட்டின் நடுவில் படுத்து ஒரு மணித்தியாலம் பவுசரை மறித்த கதையை, ஒட்டகத்தைப் போல வாயை அசைத்து அசைத்துச் சொன்னார். தன் ரொட்டியில் பாதியை எனக்குப் பிய்த்துத் தந்தார். அந்தச் சொல் என் தொண்டைவரை வந்து, திரும்பிப் போய்விட்டது.

எழும்பும்போது எனக்குத் துணிச்சல் வந்திருந்தது. "வான் கட்டுமட்டும் ரேஸ் ஓடுவமோ?" என்று கேட்டேன். மழைகாலத்தில் குளத்து மிச்சத் தண்ணீர் வழிந்து பாயும் அந்த இடத்தில்தான் ஐஸ்பழக்காரர் நிற்பார். "நான் வெண்டா?" என்றார். "வெல்லமாட்டியள்" என்றுவிட்டுப் பறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்து, "பிள்ளை, இஞ்ச பார், கை விட்டு ஓடுறன்!" என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தார். அதே நேரம் குளத்துப் பக்கப் புற்சரிவால் ஓர் எருமைக் கூட்டம் குளக்கட்டில் ஏறியது. பெரியப்பாவின் சைக்கிளுக்குப் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. முதல் எருமையை விலத்தினார். இரண்டாவதையும் விலத்தினார். மூன்றாவது அசையாமல் நின்று அவரைப் பார்த்தது. சைக்கிள் முன்னாலும் அவர் பின்னாலுமாகச் சரிவில் இறங்கி, பெரிய சத்தத்தோடு தண்ணீருக்குள் போய்விட்டார்கள்.

"அப்பா!"

அது என்னுடைய குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுச் சரிவால் ஓடினேன். தண்ணீரில் ஒரு தாமரை இலை ஆடியது. பிறகு அந்த இலையைத் தலையில் போட்டபடி அவர் எழும்பினார். தண்ணீர் இடுப்பளவுதான்.

"அப்பா, அடிபட்டதோ? அப்பா, கையைத் தாங்கோ! அப்பா, சைக்கிள் எங்க அப்பா?"

அவர் கையைத் தரவில்லை. அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். தலையில் இருந்து கால்வரை நனைந்த ஆள் எதற்காக மறுபடியும் முகம் கழுவுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணுக்குள் சேறு போயிருக்கும் என்று நினைத்தேன்.

சைக்கிளை இருவருமாக இழுத்தெடுத்தோம். திரும்பிவிட்ட ஹாண்டிலை, முன்சில்லை முழங்காலுக்கு நடுவில் பிடித்து நிமிர்த்தினார். ஐஸ்பழம் இரண்டிரண்டு குடித்தோம். திரும்பி வரும்போது அவர் என் பக்கத்திலேயே மெல்ல மெல்ல ஓட்டினார். வழி முழுக்கக் கேள்வி.

"பிள்ளை, அது என்ன பறவை?"

"கொக்கு அப்பா."

"அங்கால நிக்கிறது?"

"அதுவும் கொக்குத்தான் அப்பா."

"இந்த மரம்?"

"மருது அப்பா. இதுக்குக் கீழதானே நாங்கள் சாப்பிட்டனாங்கள்!"

பத்துத் தரம் கேட்டிருப்பார். இருபது தரமும் இருக்கலாம். கேட்டுவிட்டு, பதிலை விழுங்குகிறவர் போல என் வாயையே பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குசினிக்குள் ஓடினேன். அம்மாவின் காதில் இரகசியமாகச் சொன்னேன்.

"அம்மா, அப்பா பாவம். கத்தார் வெய்யிலில எல்லாம் மறந்துபோனார். கொக்கைக் கூடத் தெரியேல்லை."

அம்மா கையில் அகப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. முற்றத்தில் இருந்து அவருடைய குரல் கேட்டது.

"பிள்ளை, கிணத்தடியில நிக்கிறது என்ன மரம்?"

"முருங்கை அப்பா!" என்று உள்ளே இருந்தே கத்தினேன். அவருக்கு நன்றாக மனதில் பதியட்டும் என்று இன்னொரு தரமும் சொன்னேன்.

"முருங்கை அப்பா!"