ஆத்தாவுக்கும் நாற்றுக்கும் ஒரே வலை

நிழல்வலையும் மல்ச்சிங் ஷீட்டும் விற்கிற தொழிலில் வெயிலோடு மல்லுக்கட்டுவது சுலபம். வாங்கிக்கொண்டு போகிறவர்களோடு மல்லுக்கட்டித்தான் எனக்கு ரத்தக் கொதிப்பே வந்தது. சொன்னதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன வியாபாரிகளே, என் ஆத்திரத்தை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

நான் கிருஷ்ணகிரிக்காரி. எங்கள் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் பாத்தியின் மேல் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டை விரித்து, அதில் ஓட்டை போட்டுச் செடி நடுவார்கள். களை வராது, ஈரம் காயாது. வேளாண்மை படித்துவிட்டு, ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். சும்மா உட்காரப் பிடிக்காமல் பூந்தமல்லியில் கடை போட்டேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை.

அதிலும் இந்த வருடம் கூடுதலாக ஒரு கவலை. பாரிவாக்கத்தில் கன்னியம்மா அக்கா என்று ஒருவர். தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். இப்போது மிச்சம் இருப்பது ரோட்டோரம் ஒரு துண்டு நிலம். அதைப் பக்கத்து குடோன்காரர் லாரி நிறுத்தக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மிளகாய் ஒழுங்காக வந்தால் நிலம் நிலமாகவே இருக்கட்டும், வராவிட்டால் லாரிக்கு விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அக்கா என் பேச்சை நம்பித்தான் மிளகாயில் இறங்கினார். அந்த நிலத்தின் மேல் லாரி நின்றால் அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

பாதி நிழல்

காட்டுப்பாக்கத்திலிருந்து மாடித் தோட்டம் போடுகிறவர் ஒருவர் வந்தார். கடைக்குள் நுழைந்ததும் எட்டி எட்டிப் பார்த்தார். "சார் இல்லீங்களா?" என்றார். சார் தொழிற்சாலையில் இருக்கிறார், கடை என்னுடையது, என்ன வேண்டும் என்றேன். நம்பாத முகத்தோடு, செடிக்கு மேலே கட்டுகிற பச்சை வலை வேண்டும் என்றார். காய்கறிக்கு ஐம்பது சதவீத வலை போதும் என்று எடுத்துக் காட்டினேன். பாதி வெயிலை மறைக்கும், பாதியை உள்ளே விடும். முழுக்க இருட்டாக்கினால் செடி வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து ஒடிந்து விழும் என்று பொறுமையாக விளக்கினேன்.

மனிதர் வலையை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். உள்ளங்கையை அதற்குக் கீழே வைத்தார். என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பாதி நிழல்தான் தர்றீங்க, விலை மட்டும் முழுசா வாங்குறீங்க. நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!"

கறுப்புப் பக்கம்

எங்கள் குவார்ட்டர்ஸிலேயே கீழ்வீட்டு ஃபோர்மேன், திருநெல்வேலிக்காரர். வாசல் தோட்டத்தில் கத்தரிக்காய் போட மல்ச்சிங் ஷீட் வாங்கினார். அதற்கு ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கறுப்பு. வெள்ளி மேலே இருந்தால் வெயிலைத் திருப்பி அடிக்கும், பூச்சியும் அண்டாது; கறுப்பு கீழே இருந்தால் களை முளைக்காது. இதைக் கடையில் சொன்னேன், வீட்டு வாசலில் சொன்னேன், அவர் மனைவியிடமும் சொன்னேன். துணி உலர்த்தும்போதுகூட மாடியிலிருந்து குரல் கொடுத்தேன்.

சித்திரை வெயிலில் எட்டிப் பார்க்கிறேன், கறுப்பு மேலே பளபளக்கிறது! ஷீட்டில் கை வைத்தால் கொப்பளிக்கும்போல் இருந்தது. கத்தரிச் செடிகள் வேரோடு வெந்து தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேனே தவிர, கேட்ட தொனி அவ்வளவு மரியாதையாக இல்லை. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "வெள்ளின்னா தூசி விழுந்தா பளிச்சுனு தெரியும். கறுப்புன்னா அழுக்கே தெரியாதுல்லா, அதான்."

அரிவாள் வைத்தியம்

இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். கன்னியம்மா அக்காவின் கொழுந்தன் தணிகாசலத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்காவின் நிலத்தில் பாத்தி பிடித்து, சொட்டுநீர்க் குழாய் போட்டு, நானே கூட இருந்து அதன் மேல் ஷீட்டை விரித்துக் கொடுத்திருந்தேன். மிளகாய்ச் செடி ஜம்மென்று பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. வாய்க்கால் பாய்ச்சிப் பழகிய மனிதருக்குச் செடிகள் தாகத்தில் தவிப்பதாகத் தோன்றிவிட்டது.

அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்து அரிவாளை எடுத்துவந்து, பாத்திக்குப் பாத்தி ஷீட்டை நீளமாகக் கிழித்திருக்கிறார். அடியில் இருந்த குழாயும் சேர்ந்து அறுந்தது. கிழித்த வழியாகக் கோரை கிளம்பியது. குழாய் அறுந்து தண்ணீர் போகாமல் மிளகாய் கருகியது. அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "தண்ணி கண்ணுக்குத் தெர்ல, மண்ணும் கண்ணுக்குத் தெர்ல. எதுவுமே தெர்லன்னா அது இன்னா வெவசாயம் மேடம்?"

பந்தல்

அக்கா வீட்டில் சண்டை போட்டு ஆடிப் பட்டத்துக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கினார். அதுவும் போனால் லாரிதான். இந்த முறை நாற்றையே நாங்கள் வளர்த்தோம். குழித்தட்டுகளில் மிளகாய் விதை போட்டு, அக்கா வீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய் நட்டு, மேலே நிழல்வலை கட்டினோம். குழந்தைகளைப் பார்ப்பதுபோல் அக்கா காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொண்டார். இளம் பச்சையாய் இலை விட்டு நின்றது நாற்று.

ஆடி ஞாயிற்றுக்கிழமை. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். தெருவுக்குத் தெரு விசேஷம் என்பதால் பந்தல் போடுகிறவர்கள் யாரும் கிடைக்கவில்லையாம். நான் போய்ப் பார்க்கிறேன், எங்கள் குழாய்கள் மொட்டையாக நிற்கின்றன. நாற்றெல்லாம் சுள்ளென்ற வெயிலில் துவண்டு கிடக்கிறது. என் வலையோ கோயில் வாசலில், வேப்பிலைத் தோரணத்துக்கு நடுவே பந்தலாக விரிந்திருக்கிறது. ஒலிபெருக்கி அலற, அதற்குக் கீழே கூழ் அண்டாவைக் கிளறிக்கொண்டிருப்பவர் விழாக் கமிட்டித் தலைவர். அவர் வேறு யார், தணிகாசலம்தான்! யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று கத்தினேன். நாற்று செத்துவிடும் என்று மன்றாடவும் செய்தேன். கரண்டியை அண்டாவில் தட்டிவிட்டு அவர் சொன்னார். "ஆத்தாவே வெயில்ல குந்திகினு கீறா. உங்க செடிக்கு மட்டும் நெழலு கேக்குதா மேடம்?"

அக்காவின் வழி

ஊரே கூடி நிற்கிற இடத்தில் இன்னும் கத்தினால் சாமி குத்தம் என்று என்மேல் பாய்ந்துவிடுவார்கள். நாற்றையாவது பார்ப்போம் என்று திரும்பினேன். எதிரே கன்னியம்மா அக்கா வந்துகொண்டிருந்தார். தலையில் குழித்தட்டுகளை அடுக்கியிருந்தார். கூழுக்கு நின்ற வரிசையை விலக்கிக்கொண்டு போய், அம்மனுக்கு நேர் எதிரே, வலையின் நிழலில் தட்டுகளை வரிசையாக இறக்கினார். மறுபடி போனார், மறுபடி வந்தார். பந்தலில் பாதி இடம் நாற்றாகிவிட்டது. ஜனங்கள் கூழ்ச் சொம்போடு ஓரமாக ஒதுங்கினார்கள்.

தணிகாசலம் பதறிக்கொண்டு ஓடிவந்து, இதையெல்லாம் உடனே எடுங்கள் அண்ணி என்று கத்தினார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது குரல். "வலைய நீ ஆத்தாவுக்குக் குடுத்துட்ட. நாத்த நான் ஆத்தாகிட்ட உட்டுட்டேன். எட்க்கணும்னா நீயே எடு. நான் கை வெக்க மாட்டேன்."

மஞ்சள் தண்ணீர்

எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? கொஞ்ச நேரத்தில் பூசாரி வந்து நாற்றுக்கும் சேர்த்து வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தட்டுகளின் ஓரத்தில் பெண்கள் குங்குமம் வைத்தார்கள். பிரசாதமாக ஆளுக்கு ஒரு நாற்று கொடுங்கள் என்று கை நீட்டியவர்களைத் தணிகாசலமே விரட்டினார். கமிட்டித் தலைவர் அல்லவா, அம்மன் முன் இருக்கும் பொருளுக்கு அவர்தானே பொறுப்பு! விழா முடிந்ததும் அவரே தட்டுகளைச் சுமந்து வந்தார். வலையை அவரே கட்டினார். நான் கட்டியதைவிட இறுக்கமாகக் கட்டினார், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நடவு அன்று குடோன்காரர் வழக்கம்போல் வந்து நின்றார். விளைச்சல், ஈரப்பதம் என்று எடுத்துச்சொல்ல நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் தணிகாசலம் மடித்துக் கட்டிய லுங்கியோடு முன்னால் போய்விட்டார். "ஆத்தா முன்னால குந்திகினு இருந்த நாத்து நட்ட பூமி இது. இதும்மேல லாரி ஏத்துனா ஊரு என்னிய சும்மா உடுமா? போய்ட்டு வா நைனா."

வேரின் சூடு, மண்ணின் ஈரம், களைக் கட்டுப்பாடு என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் காப்பாற்ற முடியாத நிலத்தை, என்னைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போன வலை காப்பாற்றிவிட்டது என்றால், பட்டம் வாங்கிய எனக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும், நீங்களே சொல்லுங்கள்!