நான் எடுக்காத பூப்பொட்டலம்

1. முதல் நாள் விசாரணை

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸ் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதல் நாள் போர்டு முன்னால் உட்காருவதற்குள் என்னை ஒரு விசாரணைக்கு உட்கார வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் மேடம் என் சர்வீஸ் புத்தகத்துக்கு விவரம் எழுதிக்கொண்டிருந்தவர், வேறு கவர்ன்மென்ட் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேனா என்று கேட்டார்.

"ஆகியிருக்கேனுங்க மேடம். நாமக்கல் தாலுகா ஆபீசுல ஜூனியர் அசிஸ்டென்ட்."

"உனக்கு எந்த ஊரு?"

"ராசிபுரம் பக்கமுங்க. நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினா வெயிலு ஏறதுக்குள்ள போயிரலாம்."

அவர் பேனாவை மூடிவிட்டார். பக்கத்தில் டிரங்க் கால் டிக்கெட் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, இங்க பாதிப் பேர் சொந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு அலையறாங்க. கைக்கு வந்ததை விட்டுட்டு நீ இங்க வந்திருக்கே. ஏன்?"

"அது ஊட்டுக்குப் பக்கமுங்க மேடம். அதனாலதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. காரணமே அதுதான். அந்தக் கதையை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். கையில் இரண்டு வேலை ஆர்டரை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று முழிக்கும் பிள்ளைகளுக்கு உதவலாம்.

2. இரண்டு ஆர்டர்

சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கணக்கு கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அறையில் நாங்கள் நான்கு பேர். பேப்பரில் எந்த இலாகா ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டாலும் நால்வரும் அப்ளிகேஷன் போட்டுவிடுவோம். என்ன வேலை என்று யோசிப்பது தபாலில் சேர்த்த பிறகுதான். அப்படிப் போட்டதில் எனக்கு இரண்டு ஆர்டர் ஒரே மாதத்தில் வீட்டு விலாசத்துக்கு வந்துவிட்டன. ஒன்று நாமக்கல், ஒன்று மெட்ராஸ். கடைசிப் பரீட்சை முடிந்ததும் இரண்டில் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும்.

அறையில் ஓட்டெடுப்பு நடந்தது. மூன்று ஓட்டும் நாமக்கல்லுக்கு விழுந்தன. அம்மா கைச் சோறு, சொந்த வீடு, மெட்ராஸில் தண்ணீர் உப்பு என்று அடுக்கினார்கள். சம்பளமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மெட்ராஸை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. அதன் மேல் எனக்கு ஆசை இருந்தது என்று சொன்னால் பொய்.

பரீட்சை முடிந்து பெட்டியோடு ஊருக்குப் போனேன். அப்பா குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி பயிரிட்டு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிக்குப் போடும் விவசாயி. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுவது அவருடைய அண்ணன், நாமக்கல்லில் லாரி வைத்திருந்த என் பெரியப்பா. நான் போன அன்று அவரும் வந்திருந்தார். இரண்டு ஆர்டரையும் மடியில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"நாமக்கல்லுதான் சாமி. காத்தால போனா பொழுதோட ஊடு வந்து சேந்துக்கலாம். மாப்ள ஊட்லயும் அதுக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க."

"எந்த மாப்ளைங்க பெரியப்பா?"

எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தது இப்படித்தான். அவர்களும் லாரி வைத்திருக்கும் குடும்பம். மருமகள் பக்கத்து ஆபீசுக்குப் போய் வரலாம், சம்பளக் கவரை மாமியாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதுவரை பேசியிருந்தார்கள். ராத்திரி பகலாகப் படித்தது நான், பரீட்சை எழுதியது நான், சம்பளக் கவர் எந்தக் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தது வேறு யாரோ.

"மெட்ராசுக்குத்தானுங்க போறேன்" என்றேன்.

"டெலிபோன் வேலையா? மூஞ்சி தெரியாத ஆம்பளைங்க கூடயெல்லாம் நாளெல்லாம் பேசற வேலை. நம்ம ஊட்டுப் பொண்ணுக்கு அது ஆகாது."

"நீங்க பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டா அந்தப் பக்கம் எடுக்கறது யாருங்க?"

"அது யாரு ஊட்டுப் பொண்ணோ" என்றார் பெரியப்பா.

அப்பா எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை கோயில்ல பூவு வெச்சுக் கேட்டுப்போடலாம்" என்றார்.

3. பூவாக்கு

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் பெண் எடுத்தாலும் குலதெய்வத்திடம் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து, ஒன்றுபோலவே நூல் சுற்றி, பூசாரி அம்மன் காலடியில் வைத்துக் கலைத்துவிடுவார். யாருடைய காரியமோ அவர் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது எதுவோ அதுதான் வாக்கு. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. வாக்கை மீறி வெட்டிய கிணற்றில் பாறை வந்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

"வெள்ளைன்னா நாமக்கல்லு. செவப்புன்னா மெட்ராசு" என்று அப்பா அம்மனைப் பார்த்துச் சொன்னார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா என் பின்னால் நின்றிருந்தாள்.

நான் நாத்திகம் பேசுகிறவள் அல்ல. அன்றும் எனக்கு அந்த அம்மன் மேல் நம்பிக்கை இருந்தது. பயமே அதுதான். வெள்ளை வந்துவிட்டால் அதை மீறிப் போகிற தைரியம் எனக்கு வராது என்று தெரியும். சிவப்பு வந்தால் மட்டும் என்ன, அம்மன் அனுப்பி நான் மெட்ராஸ் போனதாக ஆகும். அங்கே எனக்குக் காய்ச்சல் வந்தால்கூடத் திரும்பவும் ஒரு பூ வைத்து என்னைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு பொட்டலத்தில் எதிலும் என் முடிவு இல்லை.

"எடு சாமி" என்றார் பூசாரி.

"எடுக்க மாட்டேனுங்க."

பூசாரிக்கு இது புதுசு. அம்மா பக்கம் சாய்ந்து, "புள்ள சுத்தபத்தமாத்தான இருக்குது?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"அதெல்லாம் சுத்தமாத்தான் இருக்குதுங்க. மனசுதான் இல்லீங்க" என்றாள் அம்மா.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். "முன்னால வெச்ச பூவை எடுக்கலைன்னா சாமி குத்தம் ஆயிரும் புள்ள."

"சாமி எனக்குப் படிப்பு குடுத்துச்சு. ஒண்ணுக்கு ரெண்டா வேலையும் குடுத்துச்சு. அதுல எதுன்னும் அதையே கேட்டா அதுக்குச் சலிப்பு வராதுங்களா பெரியப்பா? நான் மெட்ராசுக்குப் போறேனுங்க. நல்லது கெட்டது எது வந்தாலும் நான் போனதாவே இருக்கட்டும்."

"அப்ப நான் எடுக்கறேன்" என்று அப்பா குனிந்தார். அவர் கை நீளுவதற்குள் அம்மா முன்னால் வந்து இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து எடுத்துவிட்டாள். எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏனுங்க, வேலைக்குப் போறது அவ. அவ எடுக்கலைன்னா ஆரும் எடுக்க வேண்டாமுங்க."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா நாலு பேர் முன்னால் அப்பாவுக்கு எதிராகப் பேசி நான் பார்த்ததில்லை. அவளுக்குமே அது முதல் தடவையாக இருந்திருக்க வேண்டும். முந்தானை முடிச்சைப் பிடித்திருந்த கையை வீடு வந்து சேரும்வரை அவள் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியப்பாவே ஆள் அனுப்பிப் பேச்சை முறித்துக்கொண்டார். கோயிலில் நடந்தது அவர்கள் காதுக்கு முன்பே போயிருந்தது. நான் ஊரை விட்டுக் கிளம்பின அன்று அப்பா கிழங்குக் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று, "போயிட்டு வாரேனுங்கப்பா" என்றேன். அவர் நிமிரவில்லை. மண்வெட்டியைப் பார்த்தபடியே நின்றார். பஸ்ஸில் சேலம் போய்ச் சேரும்வரை அழுதேன். அழுதேனே தவிர இறங்கித் திரும்ப வேண்டும் என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை.

4. போர்டு

டிரங்க் போர்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. அப்போது வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று தரம் உண்டு. ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதி, முறை வந்ததும் கார்டு என்னும் வயரைப் போர்டின் ஜாக்கில் செருகி இணைப்புக் கொடுப்போம். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே புகுந்து கேட்போம், நீட்டிக்கட்டுமா என்று. ஹெட்செட் மாட்டிக் காதோரம் புண்ணாகும். ஷிஃப்ட் மாறி மாறி வந்து சாப்பாடும் தூக்கமும் கெடும். தண்ணீர், அறைத்தோழிகள் சொன்னபடியே, உப்புத்தான்.

நான் சேலம், நாமக்கல் லைன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மெட்ராஸில் ஒரு லாரி புக்கிங் ஆபீசிலிருந்து நாமக்கல்லுக்கு அர்ஜென்ட் கால் கேட்டார்கள். லோடு லாரி வழியில் ரிப்பேராகி நிற்கிறது, பார்ட்ஸ் அனுப்பச் சொல்ல வேண்டும். குரல் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி உடும்மா" என்றார்.

"இதுக்கு முன்னாடி அர்ஜென்ட் நெறையா இருக்குதுங்க. வரிசைப்படிதான் வருமுங்க."

"ஏனுங்க, நீங்க நம்ம பக்கமுங்களா? எந்த ஊரு சாமி?"

போர்டில் காத்திருக்கும் கால்களின் விளக்கு மூன்று எரிந்துகொண்டிருந்தது. "உங்க தம்பி ஊருதானுங்க பெரியப்பா" என்றேன்.

"சாப்ட்டியா புள்ள?" என்றார்.

"டூட்டில அதெல்லாம் பேசக் கூடாதுங்க. லைன் கெடச்சதும் கூப்பிடறேன்."

அவர் முறை வந்தபோது இணைப்புக் கொடுத்தேன். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே போய், "எக்ஸ்டெண்ட் பண்ணட்டுங்களா?" என்று கேட்டேன். "பண்ணு சாமி" என்றார். மூஞ்சி தெரியாத ஆம்பளைகளோடு பேசுகிற வேலையில் அன்று எனக்கு மூஞ்சி தெரிந்த ஆம்பளை ஒருவர் அகப்பட்டார் என்று ஷிஃப்ட் முடிந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

5. பொங்கல் லீவு

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறாள், எத்தனையோ பேரை ஒதுக்கிவிட்டு என் காலை முதலில் போட்டாள் என்று நாமக்கல் லாரிப்பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பொங்கலுக்கு நான் லீவில் போனபோது அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணன் காலை முன்னாடி போட்டியாமே?"

காட்டில் நிமிராமல் நின்ற பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இல்லீங்கப்பா. வரிசைப்படிதான் போட்டேன்."

"அப்படித்தான் இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மெட்ராஸ் போனதால் எனக்கு வாழ்க்கை ஜொலித்தது என்று சொல்லமாட்டேன். புரமோஷன் தாமதமாகத்தான் வந்தது. நாமக்கல்லில் சேர்ந்திருந்தால் தாசில்தாராகவே ஆகியிருக்கலாம். கல்யாணம் நானே பார்த்துப் பண்ணிக்கொண்டேன், அதற்கும் பூ வைக்கவில்லை. இன்று என் தெருப் பிள்ளைகள் எந்த வேலை நல்லது, எந்த ஊர் நல்லது என்று கேட்டு வருகிறார்கள். ஊரெல்லாம் விசாரியுங்கள், கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் எங்கே சேருவது என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். பிற்பாடு கஷ்டம் வரும்போது இன்னொருவரைத் திட்டிக்கொண்டிருக்காமல் வேலையைப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தப் பொங்கல் லீவில் கிணற்றடியில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநாளாக மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பட்டம் வாங்கிய பெண் இப்படியும் கேட்பாளா என்று நினைத்திருக்கலாம்.

"ஒண்ணுல வெள்ளப் பூவு. இன்னொண்ணுல செவப்புப் பூவு. வேற என்ன இருக்கும்? ரெண்டும் வாடிப் போயிருந்துச்சு, கெணத்துல உட்டுட்டேன். அந்தச் சீலையப் புழி."