கொழும்பிலிருந்து குவைத்துக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முத்துலிங்கம் இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறார். காலையில் ஆட்கள் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஒன்று, பகலில் கொழுந்து நிறுக்க ஒன்று, வேலை விட ஒன்று. ஒரு நிமிடம் பிந்தியதில்லை. இதைத் திறமை என்று சொல்லிவிட முடியாது. கடிகாரத்தைப் பார்த்து ஊதுவதுதானே வேலை. ஆனால் இத்தனை வருடத்தில், மணி என்பது எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற எண்ணம் அவருக்குள் ஊறிவிட்டது.

மகள் வினோதா வீட்டு வேலைக்குக் குவைத் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட்டின் நகல் ஒன்றை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். கொழும்பில் காலை 9.40, குவைத்தில் பகல் 12.20.

"ரெண்டு மணி நாப்பது நிமிசம்" என்றார் முத்துலிங்கம்.

"கினிகத்தேனைக்கே பஸ்ல அவ்வளவு ஆகுதே" என்றாள் மனைவி நாகலெட்சுமி.

"ப்ளேன் போற பாதையில வளைவு இல்ல புள்ள."

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை அந்த லயத்து வீட்டு வரிசையில் யாரும் வீடு கூட்டமாட்டார்கள். நாகலெட்சுமி கோயிலுக்குப் போயிருந்தாள். சரியாகப் பன்னிரண்டு இருபதுக்கு முத்துலிங்கம் விளக்குமாற்றை எடுத்தார். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"போன் வந்துச்சா?"

"இல்ல. மணி ஆயிருச்சுல்ல."

"மணி ஆனா போதுமாங்க? புள்ள பேச வேணாமா?"

ஒரு மணி ஆயிற்று. மகளின் போன் அணைந்தே இருந்தது. இரண்டு ஆயிற்று. அனுப்பி வைத்த ஏஜென்சியில் யாரும் எடுக்கவில்லை. நாகலெட்சுமி திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூட்டியதால் விமானம் விழாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அச்சத்துக்கு முன்னால் அறிவு அப்படியொன்றும் பெரிய துணை இல்லை.

மூன்று இருபத்தைந்துக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

"அப்பா, எறங்கிட்டேன். ஏர்போட்டுக்குள்ளதான் நிக்கிறேன்."

"ஏம்மா இவ்வளவு லேட்டு? என்னாச்சு?"

"லேட்டு இல்லப்பா, சொன்ன நேரத்துக்குத்தான் வந்துச்சு. இங்க இப்ப பன்னண்டு அம்பத்தஞ்சு."

முத்துலிங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"நம்மளவிட இங்க ரெண்டரை மணி பின்னாடிப்பா. சீட்டுக்கு முன்னாடி இருந்த டிவியில போட்டாங்க, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேலயாம். அஞ்சு மணி நேரம் தாண்டிருச்சு. காலு மரத்தே போச்சு."

அப்படியென்றால் அவர் வீடு கூட்டியபோது மகள் பாதி வழியில், கடலுக்கு மேலே இருந்திருக்கிறாள். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

நாகலெட்சுமி போனைப் பிடுங்கினாள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போனை வைத்த பிறகுதான் குரல் திரும்பியது.

"ஒங்க சங்கு குவைத் வரைக்கும் கேக்கும்னு நெனச்சீங்களாக்கும்."

"டிக்கெட்டுல ரெண்டரை மணி பின்னாடின்னு எங்கயாவது போட்டிருக்கானா பாரு."

"பாத்துட்டேன். சோத்தப் போடவா?"

காலையில் வடித்த சோறு யாரும் தொடாமல் ஆறியிருந்தது. முத்துலிங்கம் இரண்டாம் முறையும் தட்டை நீட்டினார்.