மச்சான் கேட்ட சத்தம்

பேக்கரியில் பாணுக்கே வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. ஒரு பழைய காரை ஓட வைப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட ஒரு காரில்தான் மாத்தளையில் என் பிழைப்பு ஓடியது. இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்கு வாடகைக்குப் போவேன்.

ஒருநாள் மேடு ஏறும்போது எஞ்சினில் டொக் டொக்கென்று சத்தம். வேகம் கூட்டினால் சத்தமும் கூடியது. பலாபத்வலையில் கராஜ் வைத்திருந்த தங்கை புருஷனிடம் கொண்டுபோனேன். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

“விட்டுட்டுப் போங்க மச்சான். நாளைக்குச் சொல்றேன்.”

மறுநாள் போனபோதும் அதே சத்தம்.

“எஞ்சினுக்குள்ள கிராங்க் போயிருச்சி. சாமான் கொழும்புலயும் இல்ல.”

“வேற எதாச்சும் இருக்குமா?”

“என் காத நம்புங்க.”

நம்பினேன். வேறொருவரிடம் காட்டினால் மச்சானுக்கு அவமானம் என்று தோன்றியது. தங்கை சீனி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து, “எஞ்சினுக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்குல்லண்ணே” என்று தேற்றினாள். பழைய இரும்பு விலைக்கு மச்சானே காரை எடுத்துக்கொண்டார். நான் தோட்டத்து லொறிக்கு டிரைவராகப் போனேன்.

சில வாரம் கழித்து, இரத்தோட்டைக் கடைவீதியில் அந்தக் கார் ஆட்களை ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. மச்சான்தான் ஓட்டினார். காது கொடுத்துக் கேட்டேன். தட்டும் சத்தம் இல்லை.

அன்றே தங்கையிடம் போய்க் கேட்டேன்.

“பெல்ட் ஓடுற சக்கரம் லூசா இருந்திச்சாம்ணே. நீங்க பஸ் ஏறுன கையோட பெல்ட்டக் கழட்டிப் பாத்தாரு. சத்தம் நின்னுருச்சி. பொறகு பழையபடியே மாட்டி வச்சிட்டாரு.”

“அப்ப மறுநாள் நான் வந்தப்ப ஒனக்குத் தெரியும்?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “எங்களுக்கும் ஒரு பொழப்பு வேணுமேண்ணே.”

மச்சானைத் திட்ட வார்த்தை இருந்தது. கூடப் பிறந்தவளை என்ன சொல்வது? எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு அவள் மகள் பெரியவளானபோது இருவருமாக வந்து அழைத்தார்கள். அந்தப் பிள்ளை என்ன செய்தது? தாய்மாமன் சீரோடு போனேன். சேலையைக் கையில் கொடுத்துத் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தேன். பந்தியில் இலை போட்டுக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் கை நனைக்க மனம் வரவில்லை. வாசலில் தங்கை அழுதுகொண்டு நின்றாள். “போயிட்டு வாறேன்” என்று மட்டும் சொன்னேன்.