மூன்றாம் பிறையும் எரிந்த வேலியும்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். வேலணையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் மூத்த மகனுக்கு அப்போது ஆறு மாதம்.

என் கணவர் ஆசிரியர். தாமே கண்ணாடி தேய்த்து, பலகையால் குழாய் அடித்து, ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி செய்திருந்தார். குழாயின் அடியிலிருக்கும் குழிக்கண்ணாடி நிலவின் ஒளியைத் திரட்டிப் பக்கத்துத் துவாரத்துக்கு அனுப்பும். அங்கே படம் பதியும் பிளேட்டை வைத்துப் படம் பிடிப்பார். ஒருநாள் மாலை மூன்றாம் பிறையை எடுத்து முடித்தவர், "இதை அசைக்கவேண்டாம், நாளைக்கும் எடுக்கவேணும்" என்று சொல்லிக் கித்தான் உறையால் குழாயை மூடிவிட்டார்.

மறுநாள் ஓலை வேலி அடைக்க ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேப்பமரத்தில் கட்டிய ஏணையில் பிள்ளை தூங்கினான். அவன் முகத்தில் வெயில் படுகிறதே என்று, முற்றத்தில் நின்ற குழாயின் உறையைக் கழற்றி ஏணைக்கு மேலே கட்டினேன். கையிலிருந்த அவனுடைய துணியொன்றைக் குழாயின் மேலேயே, பக்கத்தில் தொங்கும்படி காயப் போட்டேன்.

பின்னேரம் நாலு மணியிருக்கும். சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தேன். வேலி பற்றி எரிந்தது. வேலி அடைக்க வந்தவர் பிள்ளையை ஏணையிலிருந்து தூக்கி என் கையில் தந்துவிட்டு, வெறுங்கையாலும் சாக்காலும் அடித்து நெருப்பை அணைத்தார். அவர் காதில் ஒரு சுருட்டுத் துண்டு செருகியிருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

"பிள்ளை படுத்திருக்கிற இடத்திலை உமக்குச் சுருட்டுக் கேக்குதோ? என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்தீரே!"

"நெருப்பை நூத்துப்போட்டுத்தான் காதிலை வைச்சனான், பிள்ளை... அப்பிடித்தான் நினைக்கிறன்."

அயலார் கூடிவிட்டார்கள். "வேலி அடைக்க வந்தவர் வேலியைக் கொளுத்திப்போட்டார்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கொப்புளித்த கைகளோடு, கூலியும் வாங்காமல் அவர் போனார்.

அந்த அமளியில் படம் எடுப்பது நின்றுபோயிற்று. எட்டாம் நாள், அடுத்த படத்துக்கு ஆயத்தம் செய்த கணவர், துவாரத்தின் விளிம்பு கருகியிருப்பதைக் கண்டார்.

"உறையை ஆர் கழட்டினது?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. முதல்நாள் மாலை பிறை நின்ற இடத்துக்கு மறுநாள் பின்னேரம் சூரியன் வந்திருக்கிறது. கண்ணாடி வெயிலையும் திரட்டி, துவாரத்தில் தொங்கிய துணியைப் பற்ற வைத்திருக்கிறது. எரிந்த துணியைச் சோளகக் காற்று வேலியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. குழிக்கண்ணாடியால் கடதாசியை எரிக்கலாம் என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

உடனே போயிருக்கவேண்டும். போகவில்லை. அயலார் என்ன சொல்வார்களோ என்று இரண்டு நாள் யோசித்தபின், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய மனைவிதான் முதலில் பேசினா. "நெருப்புப் பிடிச்ச நாளிலையிருந்து இவர் சுருட்டுப் பத்துறேல்லை, பிள்ளை. வேலி அடைக்க ஒருத்தரும் கூப்பிடுறதுமில்லை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தம் உள்ளங்கைகளைப் பார்த்தபடி, "அப்ப அது நான் இல்லையோ?" என்று கேட்டார். பத்து நாளாக அவரும் அதை நம்பியிருக்கிறார்.

அந்தப் பிறையின் படம் இன்றும் எங்கள் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் புகழ்வார்கள். எனக்கு அதை நிமிர்ந்து பார்க்க ஏலாது. அயலார் அத்தனை பேர் முன்னால் அவர்மேல் போட்ட பழியை, அவர் வீட்டுக்குள்ளே, மெதுவான குரலில்தானே நான் திருப்பி எடுத்தேன்.