கூழ்ப்பானையைச் சுற்றிச் சில சனிக்கிழமைகள்

குடியை விட நினைத்து வருகிறவர்களுக்குத் துணையிருப்பது என் தொழில். வீட்டில் அப்படி ஒருவரோடு திண்டாடியவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாற்காலி வட்டம்

நம்மவர் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் அறையில் முதலில் பிரெஞ்சு முறைப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். ஒவ்வொருவரும் எழுந்து, "நான் குடிகாரன்" என்று சொல்ல வேண்டும். வந்த ஆறு பேரும் எந்த ஊர் என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். இரண்டு பேர் ஒரே ஊர். அதோடு எல்லார் வாயும் அடைத்துவிட்டது.

உணவகத்தில் சமைக்கும் சிவராசா அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். நான்கு மாதத்தில் மகளுக்குக் கலியாணம். அப்பா குடியை விடாவிட்டால் தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பாவைக் கூப்பிடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவருக்கு விட வேண்டும், ஆனால் வட்டத்தில் எழுந்து நிற்க முடியாது.

"ஊர்ச் சனத்துக்கு முன்னாலை என்னண்டு சொல்லுறது தங்கச்சி? கையிலை வேலை ஒண்டைத் தாங்கோ, வாய் தானாக் கதைக்கும்."

கூழ்

அடுத்த சனிக்கிழமை, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்குச் சாமான் வாங்கிப் போட்டேன். ஒருவர் பயற்றங்காய் முறித்தார், ஒருவர் மீன் வெட்டினார். சிவராசா அண்ணை நண்டை உடைத்தபடியே, மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கன்று தான் குடிவெறியில் விழுந்து கிடந்ததைச் சொன்னார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"என்ரை கதையும் உதுதான் அண்ணை. அந்த நண்டுச் சட்டியை இஞ்சாலை தள்ளுங்கோ."

மரியாதை

மூன்று மாதம் அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. கலியாணக் கார்டு கொடுக்க என் வீட்டுக்கு வந்தார். வெறுங்கையோடு வரலாமா? நம்மவர் வழக்கப்படி ஒரு விஸ்கிப் போத்தலை நீட்டினார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அந்தப் போத்தலோடு மெத்ரோ ரயிலில் தனியாக வந்திருக்கிறாரே என்று அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"திறக்கேல்லை தங்கச்சி. மூடியைப் பாருங்கோ."

தாரை

கலியாணம் பியர்ஃபித்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. உறவுக்காரர் சிலர் குடிக்கக் கார் நிறுத்துமிடத்துக்கு வரச்சொல்லிக் கண் காட்டினார்கள். அவர் மணவறையை விட்டு அசையவில்லை. மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கும் நேரம் அவர் கை நடுங்கியது. வீட்டில் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் மகள், அவர் விரல்களை இறுக்கிக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"மெதுவா அப்பா. நான் பிடிச்சிருக்கிறன்."

அன்று அவருக்கு வந்த அன்பளிப்புகளில் நான்கு விஸ்கிப் போத்தல்கள் இருந்ததால், நம்மவரின் குடியை நிறுத்திவிட்டாலும் நம்மவரின் மரியாதையை நிறுத்த எனக்கு இன்னும் பல பானை கூழ் தேவைப்படும் என்று விளங்கியது.