சீக்கிரம் படுங்க

அந்த இதய ஸ்கேன் அறையில் படம் எடுப்பவருக்கு நர்சுகள் வைத்த பெயர் ‘விரட்டு அக்கா’. பதினெட்டு வருஷமாக அவர் பேசியதில் பாதிக்கு மேல் “சீக்கிரம்” தான். வீட்டில் கணவர் சட்டைப் பொத்தானைத் தேடினாலே குரல் எகிறிவிடும்.

பாவம், அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. டிரெட்மில்லில் ஓடவிட்டு, இதயம் படபடக்கும்போதே ஆளை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து எடுக்கிற படம் அது. ரத்தம் போதாத தசை அந்த நேரத்தில்தான் சோம்பும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குமேல் படபடப்பு இறங்கி, நோயும் நல்லபிள்ளையாக ஒளிந்துகொள்ளும்.

அன்று வந்தவர் பஸ் டிரைவர். மாடிப்படியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை மனைவி டிப்போவில் போட்டு உடைத்துவிட்டார். இந்தப் படம் சரியாக வந்தால்தான் மறுபடி ஸ்டியரிங். காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அக்கா மற்றவர்களை விரட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ஓடும்போது நெஞ்சு வலிச்சா உடனே சொல்லணும்ணே.”

“எனக்கா? இருபத்தாறு வருஷம் கிளட்ச் மிதிச்ச காலும்மா இது.”

“நான் காலைக் கேக்கல.”

சிரித்துக்கொண்டே ஓடினார். ஏழாவது நிமிஷம் முகம் வெளிறியது. “வலிக்குதா?” என்றார் அக்கா. இல்லையென்று தலையாட்டினார். கைகள் கம்பியை விடவில்லை. பக்கத்தில் நின்ற டாக்டர் மெஷினை நிறுத்தினார்.

“படுங்க! சீக்கிரம்! இடது பக்கம்! ஷூவெல்லாம் அப்புறம்! மூச்சை விட்டு நிறுத்துங்க!”

விழுந்தடித்துப் படுத்தார். திரையில் இதயம் துள்ளியது. மற்ற பக்கமெல்லாம் விறுவிறுவென்று அடிக்க, முன்சுவர் மட்டும் அப்படியே நின்றது. டாக்டரும் பார்த்தார். வார்டில் இடம் கேட்கப் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். முடிவைச் சொல்வது அவர் வேலை; அக்கா வாய் திறக்கக் கூடாது.

“திங்கக்கிழமை வண்டி எடுத்துடலாம்ல?” டிரைவர் எழப் பார்த்தார்.

அக்கா அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டார். “மெதுவாண்ணே. அவசரமே இல்ல.”

டிரைவர் அக்காவின் முகத்தையே பார்த்தார்.

“இவ்வளவு நேரம் எல்லாரையும் விரட்டுனீங்களேம்மா,” என்றார். பிறகு மறுபடி படுத்துக்கொண்டார். “வெளியில என் பொண்டாட்டி இருக்கா, கூப்பிடுங்க. வலிச்சுதுன்னு நானே சொல்லிடறேன்.”